கேட்டு வாங்கும் ஒப்புகையும் கேளாமல் எடுக்கும் தகவலும்

கோயம்புத்தூரில் சிறு நிறுவனங்களின் மின்னஞ்சல் சர்வர்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பம்பு செட், வார்ப்படம், நூல் என்று அவர்கள் எதைத் தயாரிப்பவர்களாக இருந்தாலும் என்னிடம் அடிக்கடி வந்து சேரும் கேள்வி ஒன்றுதான். "கொட்டேஷன் அனுப்பி ஒரு வாரம் ஆச்சுங்க. அவங்க மெயிலத் தொறந்து பாத்தாங்களா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க." இந்தக் கேள்வியில் தவறேதும் இல்லை. இரும்பு விலை நாளுக்கொரு விதமாக மாறும்போது, கொடுத்த விலையை எத்தனை நாள் தாங்கிப் பிடிப்பது என்று தெரியாமல் காத்திருக்கும் மனிதரின் நியாயமான கவலை அது.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பெறுபவரிடம் கேட்டு ஒப்புகை வாங்குவது. மற்றொன்று, அவருக்குத் தெரியாமல் மெயிலுக்குள் ஒரு படத்தை மறைத்து வைத்து, அவர் எப்போது திறந்தார், எங்கிருந்து திறந்தார் என்று பார்ப்பது. முதல் வழியை யார் கேட்டாலும் நான் அமைத்துக் கொடுக்கிறேன். இரண்டாவதை அமைத்துக் கொடுக்க மறுத்து வருகிறேன். அது முறையல்ல என்பது என் முதல் காரணம். அது சொல்லும் தகவல் இப்போது பெரும்பாலும் உண்மையும் அல்ல என்பது இரண்டாவது காரணம். இரண்டையும் விளக்கமாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்த வசதியை விற்பவர்கள் இவ்விரண்டில் எதையும் வாங்குபவரிடம் சொல்வதில்லை.

முதலில், அனுப்பியவருக்கு எந்தத் தந்திரமும் இல்லாமலேயே கிடைக்கக்கூடிய தகவல் ஒன்று உண்டு. அதைப் பலரும் அறிவதில்லை. நம் சர்வர் எதிர்த்தரப்பு சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும்போது, அந்த சர்வர் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக 250 என்ற எண்ணோடு தொடங்கும் ஒரு பதிலைத் தரும். நம்முடைய லாக் கோப்பில், அதாவது சர்வர் தன் வேலைகளைத் தானே குறித்து வைக்கும் பதிவேட்டில், அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, எதிர்த்தரப்பு சர்வரின் பெயர், நொடி வரைக்குமான நேரம், இறுதியில் அந்த 250 என ஒரே வரியில் எல்லாம் பதிவாகியிருக்கும். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற, சர்வர்கள் மெயிலை ஒன்றுக்கொன்று ஒப்படைக்கும் நெறிமுறையிலிருந்தே இந்த ஏற்பாடு தொடர்ந்து வருகிறது. அந்த எண்ணைத் தந்த கணத்திலிருந்து மெயிலை உரிய பெட்டியில் சேர்ப்பது அல்லது சேர்க்க இயலவில்லை என்று திருப்பிச் சொல்வது அந்த சர்வரின் பொறுப்பாகிறது. "மெயில் போச்சா?" என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி போதுமான விடை. அது ஸ்பேம் பெட்டிக்குள் போனதா என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

அடுத்தது, பெறுபவரின் திரையில் மெயில் தோன்றியதா என்ற கேள்வி. இதற்காகத்தான் ரீட் ரெசீட், அதாவது படித்ததற்கான ஒப்புகை, என்ற ஏற்பாடு உருவானது. இணையத்துக்கான தொழில்நுட்ப ஆவணங்களில் இதை முதலில் முறைப்படுத்தியது 1998-இல் வெளியான ஆர்எஃப்சி 2298. அது 2004-இல் ஒருமுறையும் 2017-இல் ஆர்எஃப்சி 8098 என்ற எண்ணில் மற்றொரு முறையும் திருத்தி எழுதப்பட்டது. இதன் வேலை மிக எளிமையானது. மெயிலின் தலைப்பகுதியில், ஒப்புகையை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப்படுகிறது. பெறுபவரின் மென்பொருள் அந்த வரியைப் பார்த்ததும், "இந்த மெயிலை அனுப்பியவர், நீங்கள் படித்ததற்கான ஒப்புகையைக் கேட்டிருக்கிறார், அனுப்பலாமா?" என்ற பொருளில் ஒரு சிறு பெட்டியைத் திரையில் காட்டுகிறது. ஆம் என்று அழுத்தினால் ஒப்புகை போகும், இல்லை என்று அழுத்தினால் போகாது. அவுட்லுக்கில் எப்போதும் அனுப்பு, ஒருபோதும் அனுப்பாதே, ஒவ்வொரு முறையும் என்னைக் கேள் என்று மூன்று தேர்வுகள் உள்ளன. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளிலும் இதே போன்ற தேர்வுகள் உண்டு. ஜிமெயிலின் இலவசக் கணக்குகளில் இந்த வசதியே கிடையாது. நிறுவனங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் கணக்குகளில், நிர்வாகி அனுமதித்தால் மட்டும் கிடைக்கும்.

இந்த ஆவணத்தை எழுதியவர்களின் பொறுப்புணர்வு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. பயனரின் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதில் பொதுவாக இணைய நெறிமுறைகள் தலையிடுவதில்லை என்றாலும், ஒப்புகையை அனுப்பும் முன் பயனரின் சம்மதத்தைப் பெறுமாறு மென்பொருள் எழுதுபவர்களுக்கு வலுவாகப் பரிந்துரைப்பதாக அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். மேலும், ஒப்புகையில் "காட்டப்பட்டது" என்று வந்தால், அந்தப் பெட்டியைப் பார்க்கும் யாரோ ஒருவருக்கு மெயில் திரையில் காட்டப்பட்டது என்பது மட்டுமே அதன் பொருள் என்றும், அதன் உள்ளடக்கம் படிக்கப்பட்டது என்பதற்கோ புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கோ எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்கள் உருவாக்கும் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை உருவாக்கியவர்களே எல்லை கட்டி வைப்பது நேர்மையான வேலை. பதிவுத் தபாலோடு வரும் ஒப்புகை அட்டையில் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் போன்றதுதான் இது. தபால்காரர் அட்டையை நீட்டுகிறார். எதற்காக நீட்டுகிறார் என்பது நமக்குத் தெரியும். உறைக்குள் இருப்பதை நாம் படித்தோமா என்று அந்த அட்டை சொல்வதில்லை.

இந்த முறையில் ஒரு குறை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். பெறுபவர் இல்லை என்று அழுத்திவிட்டால் அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது. செல்போனில் மெயில் பார்ப்பவர்களுக்குப் பல செயலிகள் அந்தக் கேள்விப் பெட்டியைக் காட்டுவதே இல்லை. ஆகவே ஒப்புகை வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இந்தக் குறையைக் காட்டித்தான் இரண்டாவது வழியை விற்கிறார்கள்.

இரண்டாவது வழி எப்படி வேலை செய்கிறது என்பதை, உங்கள் பெட்டியில் இருக்கும் ஏதாவதொரு விளம்பர மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து நீங்களே பார்க்கலாம். ஜிமெயிலில் மெயிலின் வலப்புறம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அசல் வடிவத்தைக் காட்டும் தேர்வு கிடைக்கும். அங்கே வரும் நீண்ட எழுத்துக் குவியலின் அடிப்பகுதியில், பெரும்பாலும் கடைசிச் சில வரிகளுக்குள், அகலம் 1, உயரம் 1 என்று குறிக்கப்பட்ட ஒரு படத்துக்கான கட்டளை இருக்கும். அந்தப் படம் ஒரே ஒரு புள்ளி. அதற்கு நிறமும் கிடையாது. 43 பைட் அளவுள்ள ஒரு ஒளிபுகும் ஜிஃப் கோப்பு அதற்குப் போதும். அதன் இணைய முகவரியைக் கவனித்தால், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்தச் சரம் உங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. உங்களோடு அதே மெயிலைப் பெற்ற வேறு எவருக்கும் அது போகாது. மெயிலைத் திறந்ததும் உங்கள் மென்பொருள் மற்ற படங்களைப் போலவே இதையும் எடுத்து வரப் போகிறது. அப்போது அந்த சர்வரின் லாக்கில் உங்கள் சரம், நேரம், உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, நீங்கள் பயன்படுத்தும் கருவியின் வகை ஆகியவை பதிவாகின்றன. ஐபி முகவரியிலிருந்து ஏறத்தாழ எந்த ஊர் என்பதும் தெரிந்துவிடும். எந்தப் பெட்டியும் தோன்றாது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

கேட்பது, கேளாமல் எடுப்பது என்ற இந்த வேறுபாட்டை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்குப் பொது ஆவணங்களில் இருக்கும் சில நிகழ்வுகளே போதும். 2006-இல் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் கணினி நிறுவனத்தில் இயக்குநர் குழுவின் பேச்சுகள் பத்திரிகைகளுக்குக் கசிந்தபோது, அதைக் கண்டுபிடிக்க அமர்த்தப்பட்டவர்கள், அதிருப்தியடைந்த ஊழியர் ஒருவர் எழுதுவதைப் போல ஒரு கற்பனைப் பெயரில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் நிருபர் ஒருவருக்கு மெயில் அனுப்பினார்கள். அந்த மெயிலின் இணைப்பில் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நிருபர் அதை யாருக்கு அனுப்புகிறார் என்று பார்ப்பதே நோக்கம். நிருபர்களின் தொலைபேசிப் பதிவுகளைப் பொய் சொல்லிப் பெற்ற செயலோடு சேர்ந்து இதுவும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. நிறுவனத்தின் தலைவர் பட்ரிசியா டன் பதவி விலக நேர்ந்தது.

இதைவிடக் கனமான நிகழ்வு 2019-இல் நடந்தது. அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த எட்வர்ட் கலாகர் என்பவர் மீது போர்க்குற்ற வழக்கு ஒன்று சான் டியேகோவில் நடந்துகொண்டிருந்தது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்து வைத்திருந்த ஆவணங்கள் பத்திரிகைக்குக் கசிந்தன. கசியவிட்டவரைக் கண்டுபிடிக்க எண்ணிய அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கும், கடற்படைச் செய்திகளை வெளியிடும் ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவருக்கும் கண்காணிப்புப் படம் பொதிந்த மெயில்களை அனுப்பியது. வழக்கறிஞர்களின் கண்ணில் பட்டது கையெழுத்துக்குக் கீழே அதுவரை இல்லாத ஒரு சின்னம்: அமெரிக்கக் கொடியும், நீதித் தராசின் மேல் அமர்ந்த கழுகும். இந்தப் படம் இங்கே ஏன் வந்தது என்று ஒருவர் சந்தேகப்பட்டதால்தான் எல்லாம் வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞரும் பேசிக்கொள்வது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அந்த மெயிலை வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கோ சாட்சிக்கோ அனுப்பியிருந்தால், அவர்கள் எப்போது எங்கிருந்து திறந்தார்கள் என்ற தகவல் எதிரியின் கைக்குப் போயிருக்கும். நீதிபதி ஏரன் ரூ, அந்த வழக்கின் தலைமை அரசு வழக்கறிஞரை வழக்கிலிருந்தே நீக்கினார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் செய்ததென்ன என்பதைப் பற்றி நமக்கு எந்தக் கருத்து இருந்தாலும், மெயிலில் பொதிந்த ஒரு சிறு படம் ஒரு பெரிய வழக்கின் போக்கையே அசைத்தது என்பதை மறக்க முடியாது. அமெரிக்காவில் நியூயார்க், அலாஸ்கா, இல்லினாய் மாநிலங்களின் வழக்கறிஞர் சங்கங்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இப்படி மறைவான படத்தோடு மெயில் அனுப்புவது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று இந்த நிகழ்வுக்கு முன்பே கருத்துத் தெரிவித்திருந்தன.

அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளர், சூப்பர்ஹியூமன் என்ற கட்டண மெயில் செயலியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். அந்தச் செயலியில் மெயில் அனுப்புபவர் எதையும் தேர்வு செய்யாமலேயே, பெறுபவர் ஒவ்வொரு முறை திறந்த நேரமும் அப்போது அவர் இருந்த இடமும் அனுப்பியவருக்குக் காட்டப்பட்டன. விலகிச் சென்ற ஒருவரைப் பின்தொடர நினைக்கும் மனிதனின் கையில் இது என்னவாகும் என்று அவர் கேட்டிருந்தார். சில நாட்களுக்குள் அந்நிறுவனத்தின் தலைவர் ராகுல் வோரா, இருப்பிடத் தகவலை முழுவதும் நீக்குவதாகவும், திறந்ததைக் காட்டும் வசதியை அனுப்புபவர் தாமாக இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படி மாற்றுவதாகவும் அறிவித்தார். டேவிட்சன் எழுப்பிய கேள்வி கொட்டேஷன் அனுப்பும் வணிகருக்குப் பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் கருவி ஒன்றுதான். கொட்டேஷனோடு செல்லும் படத்துக்கும் முன்னாள் மனைவிக்குச் செல்லும் மெயிலில் உள்ள படத்துக்கும் தொழில்நுட்பத்தில் எள்ளளவும் வேறுபாடு கிடையாது.

இனி, இந்தத் தகவல் உண்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் கேட்பவர்களில் பலர், முறை, ஒழுக்கம் என்றெல்லாம் பேசும்போது பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரிங்க, ஆனா தெரிஞ்சுக்கணும்ல" என்று முடிப்பார்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

2013 டிசம்பரில் ஜிமெயில் ஒரு மாற்றத்தைச் செய்தது. அதுவரை மெயிலில் உள்ள வெளிப்படங்களைக் காட்டலாமா என்று பயனரைக் கேட்டுவந்த அது, அன்று முதல் படங்களைத் தன் சொந்த சர்வர்கள் வழியாக எடுத்துத் தானாகவே காட்டத் தொடங்கியது. இதனால் பெறுபவரின் ஐபி முகவரி மறைந்து கூகுளின் முகவரி மட்டும் பதிவானது. ஊரைக் கண்டுபிடிக்கும் வழி அடைபட்டது. திறந்த நேரம் மட்டும் தொடர்ந்து வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. அதையும் தகர்த்தது 2021 செப்டம்பரில் ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு. அதை இயக்கி வைத்திருப்பவரின் ஐபோன், மெயில் வந்து சேர்ந்த பிறகு, அவர் அதைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், படங்களை எல்லாம் பின்னணியில் இடைநிலை சர்வர்கள் வழியாக எடுத்து வைத்துவிடும். எனவே மெயில் பெட்டியில் தொடப்படாமல் கிடக்கும்போதே, அனுப்பியவரின் திரையில் "திறக்கப்பட்டது" என்று வரும். ஆப்பிளின் மெயில் செயலியில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

பெரிய நிறுவனங்களின் நிலை வேறு. அங்கே மெயில் ஊழியரின் பெட்டிக்குப் போகும் முன் பாதுகாப்பு மென்பொருள் ஒன்று அதைத் திறந்து, அதிலுள்ள இணைப்புகளில் தீங்கு ஏதும் இருக்கிறதா என்று சோதிக்கும். அந்தச் சோதனையும் திறந்ததாகவும், சில சமயம் இணைப்பை அழுத்தியதாகவும் பதிவாகிவிடும். மறுபுறம், அவுட்லுக்கில் வெளிப்படங்கள் தடுக்கப்பட்டிருந்தால், பெறுபவர் கொட்டேஷனை வரிவரியாகப் படித்து, அச்செடுத்து, மேலாளரிடம் கொடுத்திருந்தாலும் எதுவும் பதிவாகாது. ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டும் மெயிலின் அடிப்பகுதியை வெட்டி மறைத்துவிடும் என்பதால், அடியில் வைக்கப்பட்ட படம் அப்போதும் எடுக்கப்படாமல் போகும். ஆக, திறக்காதது திறந்ததாகவும் படித்தது படிக்காததாகவும் வரும் ஒரு கணக்கு இது. எந்த வரி உண்மை, எந்த வரி பொய் என்று பிரித்தறிய அனுப்பியவரிடம் எந்த வழியும் கிடையாது.

இதன் விளைவை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வார்ப்படத் தொழில் செய்யும் ஒருவர் நான் மறுத்ததால் வேறொருவரைக் கொண்டு பிரௌசரில் கண்காணிப்புக்கான ஒரு நீட்சியை, அதாவது கூடுதல் மென்பொருளை, சேர்த்துக்கொண்டார். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியல், அனுப்பிய சில நொடிகளிலேயே திறக்கப்பட்டதாகவும், பிறகு நள்ளிரவில் மீண்டும் மீண்டும் திறக்கப்பட்டதாகவும் அவர் திரையில் வந்தது. இவ்வளவு முறை பார்க்கிறார்கள், ஆனால் பதில் இல்லை என்றால் நம் விலையை வைத்து வேறொருவரிடம் பேரம் பேசுகிறார்கள் என்று அவர் முடிவுகட்டினார். மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரை அழைத்து, "நைட்டெல்லாம் பாத்துட்டே இருக்கீங்க, ஒரு பதில் சொல்லக்கூடாதா சார்?" என்று கேட்டுவிட்டார். அந்த மேலாளர் விடுப்பில் இருந்தார். மெயிலைப் பார்க்கவே இல்லை. அனுப்பிய சில நொடிகளில் திறந்தது அவர்களின் பாதுகாப்பு மென்பொருள் என்பது என் கணிப்பு. நள்ளிரவில் நடந்ததும் ஏதோ ஒரு தானியங்கி வேலையாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்த மேலாளர் கேட்ட கேள்வி இதைப் பற்றியது அல்ல. "நான் எப்போது மெயில் பார்க்கிறேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். அதற்கு முதலாளியிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த உறவில் அந்த ஒரு கேள்வி விழுந்த பிறகு, எத்தனை சமாதானம் சொன்னாலும் பழைய சகஜம் திரும்ப நெடுநாள் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் இங்கே முக்கியம், ஏனெனில் "கோர்ட்டுக்குப் போனா ஆதாரம் வேணுமே" என்ற காரணத்துக்காகவும் சிலர் கண்காணிப்பைக் கேட்கிறார்கள். நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதன் 13-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணங்களைப் பெறுவதற்கென்று பெறுபவர் ஒரு கணினி அமைப்பைக் குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், ஆவணம் அதற்குள் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். குறிப்பிடாத வேறோர் இடத்துக்கு அனுப்பினால் மட்டும், அவர் அதை எடுத்துக்கொள்ளும் நேரம் கணக்கில் வரும். ஆகவே ஒப்பந்தத்திலோ பர்ச்சேஸ் ஆர்டரிலோ "அறிவிப்புகள் இந்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது, எந்தக் கண்காணிப்பை விடவும் வலுவானது. நான் முன்பு சொன்ன 250 என்ற பதிலோடு கூடிய லாக் வரியை அதோடு சேர்த்துப் பாதுகாத்து வைத்தால், மெயில் எதிர்த்தரப்பு சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம் நம் கையில் இருக்கும்.

அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒப்புகையைப் பற்றியது. ஒப்புகை இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதபோது, பெறுபவரின் எந்தத் தகவல் தொடர்பும், தானியங்கிப் பதில் உட்பட, அல்லது பெற்றதைக் காட்டப் போதுமான அவருடைய எந்த நடத்தையும் ஒப்புகையாகும். ஒப்புகை வந்தால்தான் இந்த ஆவணம் செல்லும் என்று அனுப்பியவர் நிபந்தனை விதித்திருந்தால், ஒப்புகை வராதவரை அது அனுப்பப்படாததாகவே கருதப்படும். அப்படி நிபந்தனை இல்லாமல், நியாயமான காலத்துக்குள் ஒப்புகை வரவில்லையென்றால், "ஒப்புகை வரவில்லை, இந்தத் தேதிக்குள் தரவும்" என்று ஒரு அறிவிப்பு அனுப்பி, அதற்கும் வரவில்லையெனில் ஆவணம் அனுப்பப்படவே இல்லை என்று கொள்ள அனுப்பியவருக்கு உரிமை உண்டு. கொட்டேஷன் அனுப்பிவிட்டு விலையோடு கட்டுண்டு காத்திருப்பவருக்கு இதுவல்லவா தேவை! சட்டம் வகுத்த வழியும் கேட்டு வாங்குவதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் நீலக் குறிகளை நீதிமன்றம் ஏற்றதே என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான், 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல், வாட்ஸ்அப் வழியாக அனுப்பப்பட்ட நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததோடு திறக்கவும் பட்டது என்பதைக் குறிகள் காட்டுவதால் அதை முறைப்படி சார்வு செய்ததாக, அதாவது உரியவரிடம் சேர்ப்பித்ததாக, ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் குறி இருப்பது இரு தரப்பாருக்கும் தெரியும். வேண்டாமென்றால் அமைப்புகளில் அணைத்து வைக்கவும் முடியும். மறைந்திருக்கும் படத்துக்கு இந்த இரண்டு தன்மைகளும் இல்லை. ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2006-லேயே, பெறுபவரின் ஐயத்துக்கிடமற்ற சம்மதம் இல்லாமல் மெயில் திறப்பதைக் கண்காணிக்கும் சேவைகளைக் கடுமையாக எதிர்த்தது. அங்கே 2024-இல் இறுதி செய்யப்பட்ட வழிகாட்டுதலில், மெயிலில் உள்ள கண்காணிப்புப் படங்கள், இணையதளங்கள் நம் கருவியில் சேமிக்கும் குக்கீகளுக்குச் சம்மதம் கேட்கும் அதே சட்டப்பிரிவுக்குள் வருகின்றன என்று விளக்கப்பட்டுள்ளது. திருப்பூரிலிருந்தும் கரூரிலிருந்தும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, சம்மதம் என்பது சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு புள்ளிப் படம் இதில் எதையும் நிறைவு செய்யாது.

நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் நடைமுறை எளியது. விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை கொட்டேஷனின் அடியில் சிறு எழுத்தில் புதைக்காமல், மெயிலின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், "கிடைத்தது என்று ஒரு சொல் பதிலாக அனுப்பினால் போதும்" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் அனுப்புகிறார்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்கும் தங்கள் பதிவேட்டில் வரவு வைக்க அது வசதிதான். இரண்டு வேலை நாட்களில் பதில் இல்லையென்றால் போன் செய்து, "கொட்டேஷன் வந்து சேர்ந்ததுங்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பெரிய வரைபடங்களையும் ரகசிய விலைகளையும் அனுப்புபவர்கள், கோப்பை மெயிலோடு இணைக்காமல், கடவுச்சொல் கொடுத்து இறக்கிக்கொள்ளும்படி வைக்கலாம். அங்கே யார் எப்போது இறக்கினார்கள் என்பது பதிவாகும் என்று அந்தப் பக்கத்திலேயே தெரிவித்தும் விடலாம்.

பெறுபவராக இருக்கும்போது செய்யக்கூடியவையும் உண்டு. ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் பொதுப் பகுதியில் படங்கள் என்ற இடத்தில், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லும் தேர்வை இயக்கலாம். ஐபோனில் மெயில் செயலிக்கான அமைப்புகளில் தனியுரிமைப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறது. தண்டர்பேர்டில் வெளிப்படங்கள் தொடக்கத்திலிருந்தே தடுக்கப்பட்டுத்தான் வருகின்றன. இவற்றை இயக்கினால் சில மெயில்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். நம்பிக்கையான அனுப்புநராக இருந்தால் அந்த மெயிலுக்கு மட்டும் படங்களைக் காட்டச் சொல்லி ஓர் அழுத்து அழுத்தினால் போதும். அவுட்லுக் ஒப்புகைக்கு, ஒவ்வொரு முறையும் என்னைக் கேள் என்ற தேர்வையே நான் எல்லா அலுவலகங்களிலும் வைத்துக் கொடுக்கிறேன். ஆடிட்டரிடமிருந்தோ வங்கியிலிருந்தோ முறையாக ஒப்புகை கேட்டு வந்தால் ஆம் என்று அழுத்தச் சொல்கிறேன், ஏனெனில் அவர்கள் நேர்மையாகக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வந்தால் இல்லை என்று அழுத்திவிட வேண்டும். நம் முகவரியில் ஆள் இருக்கிறார் என்ற தகவல் ஸ்பேம் அனுப்புபவருக்கு விலை போகும் சரக்கு.